எந்தப் பக்கமும் சேராத கட்டம்

இன்று எங்கள் தொண்டு நிறுவனத்தின் மன்னார் கந்தோருக்கு நறுவிலிக்குளத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவரில்லாத குடும்பங்களுக்கு ஆடு கொடுத்தோம், அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர் நிரப்பிய படிவத்தைக் கணினித் திரையில் பார்த்தேன். “மனுசன் இருக்கிறாரோ எண்ட கட்டத்தில ஒண்டும் இல்லையே அக்கா?”

“காணாமப்போன ஆளை இல்லையெண்டு எப்பிடித் தம்பி எழுதுறது? இருக்கிறாரெண்டால் எங்க எண்டு கேப்பீங்கள். அதான் சும்மா விட்டனான்.”

‘இருக்கிறார்’ என்றில்லாத எல்லோரையும் எடுத்துத் தா என்று, படிவங்களைச் சேமித்துள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதியவன் நான். வெற்றுக் கட்டத்தை அது எந்தப் பக்கமும் சேர்க்காது என்று தெரிந்திருந்தும் மறந்துபோனேன். அவரைப் போன்ற ஒருவர்கூடப் பட்டியலில் வரவில்லை. ஆடுகளும் முடிந்துவிட்டன.

அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கு என்று ஆலோசனை சொல்ல வரும் நண்பர்களே, அக்கா அதில் எதை எழுதுவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.