ரசாயனத் துரை அவித்து வைத்த கொழுந்து

இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டீமேக்கராக இருந்தேன்; தோட்டத்து ஸ்டோரில் கொழுந்தைத் தேயிலையாக்குவது என் வேலை. தேயிலை எப்படிச் சிவக்கிறது என்று யாராவது கேட்டால், "புளிச்சுச் சிவக்குதுங்க" என்பேன். தோசை மாவைப் பார்த்தவனுக்கு இதில் என்ன சந்தேகம்? அரைத்த கொழுந்தைத் தரையில் பரப்பி, சாக்குப் போட்டு மூடி வைப்பேன். தரையைக் கழுவ விடமாட்டேன். பழைய புளிப்பு ஒட்டியிருந்தால்தானே புதுக் கொழுந்து சீக்கிரம் புளிக்கும்! ஆனால் எங்கள் தேயிலையில் ஏதோ வாடை அடிக்கிறது என்று, அதை விற்றுக் கொடுக்கிற கொழும்புக் கம்பெனியிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது.

அதை விசாரிக்கத்தான் ரசாயனம் படித்த ஒரு துரை வந்து பங்களாவில் தங்கினார். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, "இது புளிப்பே இல்லை" என்றார் இங்கிலீஷில். "சிவக்க வைக்கிற சத்து இலைக்குள்ளேயே இருக்கிறது. அவித்தால் அது செத்துப்போகும். இலை பச்சையாகவே நிற்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் மூக்குக்குத் தெரியாததா இவருக்குத் தெரியப்போகிறது?

அவர் கொஞ்சம் கொழுந்தை அவித்து, கசக்கி, ஒரு தட்டில் போட்டுச் சாப்பாட்டறை அலமாரியில் வைத்தார். மறுநாள் போய்ப் பார்த்தேன். பச்சை. சிவந்துவிடு என்று முருகனை வேண்டிக்கொண்டு அதற்கடுத்த நாள் மத்தியானம் போனேன். அலமாரியில் தட்டே இல்லை. துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பங்களாவில் சமைக்கிற குசினிக்காரரைப் பார்த்தேன்.

"ரெண்டு நாளாக் கீரையை அவிச்சு வச்சுட்டு, சாப்பிடாமப் பார்த்துக்கிட்டே இருக்காருங்க. உப்பில்லாம எப்படித் திம்பாரு, பாவம்? நான்தான் தேங்காயும் மாசிக் கருவாடும் போட்டு வதக்கிக் குடுத்தேன்."

எனக்குப் பரம சந்தோஷம். சாட்சியே துரையின் வயிற்றுக்குள் போய்விட்டது! நடந்ததைப் பவ்யமாக அவரிடம் சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். முள்கரண்டியில் இருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பார், இன்னும் பச்சை" என்றார். பிறகு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் ஸ்டோரில் எல்லோர் முன்னாலும் மறுபடி செய்து காட்டினார். அவித்த கொழுந்தை இரண்டு தட்டில் வைத்து, ஒன்றில் மட்டும் பச்சைக் கொழுந்தின் சாற்றைச் சில சொட்டுப் பிழிந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டு மட்டும் செம்புக் காசு மாதிரி சிவந்துவிட்டது.

"நாலு சொட்டா இத்தனை வேலை பண்ணுது?" என்றார் குசினிக்காரர்.

அந்தச் சத்து தான் மாறாமலே மற்றதை மாற்றும் என்று துரை சொன்னதை நான்தான் தமிழில் சொல்லியாக வேண்டும். "நம்ம கங்காணி மாதிரி. அவரு ஒரு கொழுந்து கிள்ளுறதில்ல. ஆனா அவரு மலையில நின்னாத்தான் கூடை நிறையும். சாயங்காலம் வேட்டி கசங்காம வீட்டுக்குப் போவாரு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். திடீரென்று சிரிப்பு அடங்கியது. வாசலில் கங்காணி நின்றார்.

அவர் மீசையைத் தடவினார். "இது துரைக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

வாடைக்குக் காரணமே தரையில் ஒட்டிய பழைய புளிப்புதான் என்று துரை சொல்ல, அன்று மாலையே தரையைக் கழுவினோம். வருஷக்கணக்கான பிசுக்கு, சுரண்டச் சுரண்ட வந்தது. அதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. சாக்குகளை எரித்தோம். ஜன்னல்களைத் திறந்து, உள்ளே குளிர்ச்சியாக இருக்க ஈரத்துணி கட்டினோம். வாடை போய், பழுத்த கொய்யா மாதிரி ஒரு வாசம் முதல் தடவையாக வந்தது. என் மூக்கு அதையும் ஒப்புக்கொண்டது.

அடுத்து வந்த கொழும்புக் கடிதத்தில் குறையே இல்லை. ரசாயனத் துரை அதற்குள் ஊர் திரும்பிவிட்டார். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.