பத்து வருடமாக ஒரே விலை

"ஒன்பது வருடமாக ஒரே விலை" என்று இன்டர்நெட் லைன்காரர் தன் கடை வாசலில் போர்டு மாட்டியிருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணை மட்டும் அழித்து எழுதுவார். அதற்கென்றே ஒரு சின்ன பிரஷ்ஷும் சிவப்புப் பெயிண்டும் மேசைக்கு அடியில் இருக்கும். எழுதி முடித்ததும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். அன்றைக்கு மனிதருக்குத் தலைகால் புரியாது.

தொழில் ஒன்றும் பெரிய சூத்திரமில்லை. கேபிள் பெரிய கம்பெனியுடையது. அவர்களிடம் இன்டர்நெட்டை மொத்தமாக வாங்கி, நாலு தெருவில் நூற்று நாற்பது வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். மாடியில் ஒரே தொட்டி, கீழே நூற்று நாற்பது குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் கோளாறு என்றாலும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே போவார்.

பத்து என்று எழுத இரண்டு மாதம் இருக்கும்போது கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. மெதுவான இணைப்புக்கு மொத்த விலை ஏறுகிறது, வேகமானதற்கு இறங்குகிறது. எல்லாரையும் வேகத்துக்குத் தள்ளிவிடுகிற ஏற்பாடு. இவரிடம் முக்கால்வாசிப் பேர் மெதுவான ரகம். நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? வீடு வீடாகப் போய், "விலை கொஞ்சம் கூடுதுங்க, ஆனா வேகமும் கூடும்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் போர்டை யார் கழற்றுவது? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, ஆளைக் குழியில் தள்ளுவதற்கென்றே.

ஏறிய விலையை ஈடுகட்டத் தொட்டியைச் சின்னதாக்கினார். மொத்தமாக வாங்குகிற அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். பகலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி ஒரே நேரத்தில் திறக்கும்போதுதான் படம் திக்கித் திணறும். போன் வந்தால், "ரௌட்டரை ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே, போர்டில் பத்து என்று எழுதினார்.

மூன்றாவது தெருவில் அவருடைய அக்கா இருந்தாள். இருபது வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். முட்டிவலியால் வேலையை விட்டவள். வெளியூர்ப் பிள்ளைகள் பதினோரு பேருக்குத் தினம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்தினாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக மத்தியானத்திலிருந்தே தயாராவாள். பள்ளிக்குப் போகிற மாதிரியே உடுத்தி, தலை சீவி உட்காருவாள்.

"டேய், நடுநடுவுல ஸ்கிரீன்ல நான் அப்படியே உறைஞ்சு போயிடறேனாம்டா. பசங்க சொல்றாங்க."

"உன் கம்ப்யூட்டருக்கும் உன்ன மாதிரி வயசாயிடுச்சுக்கா. லைன்ல என்ன இருக்கு?"

அவளும் சிரித்தாள். சேமிப்பை எடுத்துப் புது லேப்டாப் வாங்கினாள். அப்போதாவது தடுத்திருக்கலாம். பாவி மனிதர், வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, தானே போய்ப் பெட்டியைப் பிரித்து இணைப்பும் கொடுத்துவிட்டு வந்தார்.

புதிதிலும் உறைந்தாள். வேகமாகப் பேசுகிறோமோ என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒரே கணக்கை மூன்று தடவை போட்டுக் காட்டினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி "லைன்தான் மோசம்" என்றபோது அக்கா சண்டைக்கே போய்விட்டாள். "என் தம்பி லைனைக் குறை சொல்லாத! எனக்குத்தான் இதெல்லாம் ஒத்துவரல." அடுத்த மாதம் வகுப்பையே நிறுத்திவிட்டாள்.

இதைப் பக்கத்து வீட்டுக்காரி கடைக்கு வந்து சொன்ன அன்றே அவர் போர்டைக் கழற்றினார். பழைய அளவை வாங்கினார். வீடு வீடாகப் போய்ப் புது விலையைச் சொன்னார். நூற்று நாற்பதில் மூன்றே வீடுதான் விலகியது. மூன்று வீட்டுக்குப் பயந்தா கூடப் பிறந்தவளைப் பலிகொடுத்தோம் என்று நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனார். புது லேப்டாப் துணி போர்த்தி மூலையில் இருந்தது. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"எவ்வளவுடா கூடுது?"

சொன்னார்.

"இதக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"தப்புதான்க்கா. இப்ப லைன் நல்லாருக்கு, மறுபடி ஆரம்பி. நானே பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி, என் தப்புதான்னு சொல்றேன்."

"பரீட்சையே முடிஞ்சாச்சுடா." துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "கடைசியா இருந்த பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா? 'பரவாயில்ல டீச்சர், உங்களுக்கு வயசாயிடுச்சு இல்ல'ன்னுச்சு. நானும் ஆமாம்மான்னுட்டேன்."