சும்மா வந்த சொவ்ட்வெயர்

தீவுப்பகுதியில் டிசைன் தொழில் செய்கிறவளுக்கு வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் செத்தவர்கள், மிச்சப் பாதி வெளிநாட்டில் இருக்கிறவர்கள். செத்தவர்கள் குறை சொல்வதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வேலணையில் ஒரு சின்ன அறை, ஒரு கொம்பியூட்டர், எனக்கு ஒரு கதிரை, வருகிறவர்கள் இருக்க ஒரு நீள வாங்கு. மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், சாமத்திய வீட்டுப் பனர் என்று பதின்மூன்று வருசம் ஓடியது. பிறகு அந்தப் பெரிய டிசைன் சொவ்ட்வெயரை அதன் முதலாளிமார் எல்லாருக்கும் சும்மா கொடுத்துவிட்டார்கள். என்னைப்போல இந்தத் தொழிலில் மாரடிக்கிறவர்களே, உங்களுக்கும் அந்தச் செய்தியை யாரோ சந்தோசமாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நல்ல செய்தி

உள்ளதைச் சொன்னால், அவ்வளவு காலமும் நான் வைத்திருந்தது அதன் கள்ளப் பிரதி. காலையில் திறந்தவுடன் "இது முறையான பிரதி அல்ல" என்று ஒரு பெட்டி வந்து விழும். சாமி படத்துக்கு விளக்கு வைத்த கையோடு அதை மூடுவேன். செய்தி வந்த அன்றைக்கே முறையாகப் பதிந்து இறக்கினேன். பெட்டி வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடை ரவி அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் நீர் கள்ளியோ, தங்கச்சி?"

கடலும் சும்மாதான்

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீடு குடிபுகுதலுக்கு அழைப்பிதழ் செய்ய வந்தார். விலையைச் சொன்னேன். "சொவ்ட்வெயர் இப்ப சும்மாவாமே, பிறகேன் பிள்ளை காசு?" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "கடலும் சும்மாதானே ஐயா, மீனை ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?" என்று கேட்டேன். மனிதரை மடக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. அவர் யோசித்தார், தலையாட்டினார், எழும்பிக் குடையை எடுத்தார். "அதைத்தான் நானும் கேக்கிறனான். அந்த மீன்காரரும் உம்மைப்போலதான்."

ஆடி மட்டும்

இரண்டு மாதத்தில் வாங்கில் தூசி படிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஒரு டிசைனர். அறையின் சொந்தக்காரர் வேறு, சாட்டிக் கடற்கரைக்குப் போகிற சனத்துக்குச் சோடா விற்க அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடை போனால் நான் இன்னாருடைய மனுசி, இன்னாருடைய தாய், அவ்வளவுதான். அதை நினைக்க அழுகைதான் வந்தது. என்ர மனுசன் கோபக்காரர் இல்லை, ஆனால் கணக்காகப் பேசுகிறவர். ஒரு நாள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆடி முடியுமட்டும் பாரும். ஒரு வேலை தன்னும் வராட்டி பூட்டையும் திறப்பையும் சொந்தக்காரரிட்டைக் குடுத்துவிடும்."

சின்ன அம்மன்

பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் வருசா வருசம் என்னுடையது. இந்த முறை செயலாளரின் மருமகன் செய்தாராம். ஒட்டின பிறகுதான் பார்த்தேன். சுவிஸிலிருந்து திருவிழாவுக்குக் காசு அனுப்பின உபயகாரர் பதினெட்டுப் பேர், கோட்டும் சூட்டுமாக, ஒவ்வொருவரும் ஒரு தேங்காய் அளவு. அம்மனைத் தேடிப் பிடிக்கக் கண்ணாடி போடவேண்டியிருந்தது. செயலாளரைச் சந்தியில் பிடித்து, "அம்மாளாச்சி எங்கை ஐயா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை: "அவவை எல்லாருக்கும் தெரியும் பிள்ளை, சின்னனாப் போட்டாலும் காணும். சுவிஸ்காரரை ஆருக்குத் தெரியும்?"

அந்தரத்தில் ஒரு தகப்பன்

ஒரு தாய், பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டுப் பனரைப் போனில் காட்ட வந்தா. கவனியுங்கள், காட்டத்தான் வந்தா, செய்விக்க அல்ல. தகப்பன் பிரான்சில், விசா இல்லை, வர ஏலாது. தாய் தானே அவரை வேறொரு படத்திலிருந்து வெட்டி மகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தா. பட்டு வேட்டி கட்டி, தொப்பையைக்கூடக் குறைத்திருந்தா. ஒரே ஒரு பிழை, மனிதர் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றார். "கால் தரையில படேல்லை" என்றேன். அவ ஒருக்கால் பார்த்துவிட்டுப் போனைப் பையில் வைத்தா. "கிடக்கட்டும் அக்கா, அவர் எண்டைக்குத் தரையில நிண்டவர்?"

மூன்று நாட்டு மணி

ஆடி முடிய நாலு நாள். ஒரு வேலையும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை புளியங்கூடலில் ஒரு பெரியவர் காலமானார், தெற்கில் கடை வைத்திருந்து ஊருக்குத் திரும்பினவர். மூத்த பிள்ளைகள் மூன்று பேரும் கனடா, லண்டன், பிரான்ஸ். ஆளுக்கொரு மரண அறிவித்தலை அவரவரே செய்து வட்ஸ்அப்பில் விட்டார்கள். செய்தவரின் பேர் முதலில். அதுகூடப் பரவாயில்லை. லைவில் பார்க்கிற தங்கள் பக்கத்துச் சனத்துக்காகக் கிரியை நேரத்தைத் தங்கள் தங்கள் நாட்டு மணிக்குப் போட்டிருந்தார்கள், எந்த நாட்டு மணி என்று மட்டும் போடவில்லை. லண்டன் நோட்டீஸில் ஞாயிறு விடிய நாலரை, பிரான்ஸ் நோட்டீஸில் ஐந்தரை, கனடா நோட்டீஸில் சனி இரவு பதினொன்றரை. மூன்றும் ஊருக்குள் சுற்றின. சனிக்கிழமை காலை ரவி அண்ணை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்: "தங்கச்சி, ஒரு மனுசனை மூண்டு தரம் எரிக்கப் போறாங்களோ?"

எத்தனை பிள்ளையள்?

அன்று மத்தியானம் அந்தப் பெரியவரின் கடைசி மகள் கடைக்கு வந்தா. வீட்டுக்குப் பிடிக்காத இடத்தில் கலியாணம் கட்டி நெடுந்தீவில் இருக்கிறவ. மாதத்துக்கு ஒருக்கால் படகேறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து தகப்பனைக் குளிப்பாட்டிவிட்டுப் போனவ அவ ஒருத்திதான். ஐயரோடு கிரியை நேரம் பேசினதும் அவதான். போனை என் முன்னால் வைத்தா. "மூண்டு நோட்டீஸ் அக்கா. ஒண்டிலையும் நானில்லை."

அவ அழவில்லை, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மரண அறிவித்தலுக்கு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை பிள்ளையள்?" என்பதுதான். எண்ணிப் பார்க்காமல் ஒரு நோட்டீஸும் என் கடையால் வெளியே போனதில்லை. சொவ்ட்வெயர் யாரையும் அப்படிக் கேட்காது. பிறந்த வரிசையில் நாலு பேர்களையும் போட்டேன். ஞாயிறு காலை ஒன்பது மணி, இலங்கை நேரம். அச்செடுத்துக் கையில் கொடுத்தேன், காசு வாங்க மனம் வரவில்லை. அவ தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தா. "கடைசியா எண்டாலும் கிடக்கிறன்தானே, அக்கா."

கனடாவிலிருந்து ஒரு போன்

பின்னேரத்துக்குள் அந்த நோட்டீஸ் எல்லா வட்ஸ்அப் குழுவிலும் போய்விட்டது, சரியான நேரம் கிடந்தது அதில் மட்டும்தானே. கனடாவிலிருந்து மூத்தவர் எடுத்தார். ஊர்ச்சனம் ஆள்மாறி ஆள் நேரம் கேட்டதில் அவருக்கு விசர் பிடித்திருந்தது. "நேரம் உம்மட நோட்டீஸிலதான் சரியாக் கிடக்காம். அதையே எங்கட ஆக்களுக்கும் அனுப்பப்போறன். அந்தக் கடைசிப் பேரை மட்டும் எடுத்துப்போட்டுத் தாரும்" என்றார். அவருடைய நோட்டீஸைச் செய்தது அவரின் மகனாம், அவன் வேலைக்குப் போய்விட்டானாம்.

கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "ஏலாது அண்ணை. இது சும்மா குடுத்த சொவ்ட்வெயர். பேரைச் சேர்க்கலாம், எடுக்க விடாது." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வந்தது. "சும்மா குடுக்கிற சாமான் இப்பிடித்தான். சரி, கிடந்தபடியே அனுப்பும்."

திறப்பு

ஞாயிறு ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க நின்றதாம். கடைசி மகள் தகப்பனின் தலைமாட்டில் நின்றாவாம், ஒருத்தரும் அவவைத் தள்ளி நில் என்று சொல்லவில்லையாம். செத்தவீட்டால் வந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு என்ர மனுசன்தான் இதையெல்லாம் சொன்னார். காசு வாங்காத கதையை நானும் ஒளிக்கவில்லை. அவர் துவாயைக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு வேலை வந்ததுதானே. திறப்பு உம்மட்டையே கிடக்கட்டும். அடுத்தமுறை காசை வாங்கும்."

சொவ்ட்வெயரைச் சும்மா கொடுத்தவர்களுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும். செய்ய மனமில்லாத வேலைக்கெல்லாம் இனி அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் என் பாட்டுக்கு இருக்கலாம்.