பூமாரியின் சாடை

பூமாரி யாரையும் நேராகத் திட்டியதில்லை. செடியைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், வழியில் படுத்திருக்கும் நாயைத் திட்டுவாள். திட்டு மட்டும் போய்ச் சேரவேண்டிய ஆளிடம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு மலையேறியவள். 1920களின் கடைசியில் பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய கூட்டத்துக்குக் கங்காணி அழகுமலை. நல்ல தாட்டியான ஆள். பெண்கள் வெயிலில் காய, அவர் கம்பை ஊன்றிக்கொண்டு மரநிழலில் நிற்பார். பூமாரி முன்னால் இருக்கும் செடியைப் பார்த்து, "ஒனக்கென்ன, நின்ன எடத்துல நின்னே பெருத்துட்ட" என்பாள். நிரை முழுக்கச் சிரிப்பு ஓடும். அவர் முறைத்தால், "செடியத்தானய்யா சொன்னேன்" என்பாள். செடிக்காக யார் வழக்குப் பேச முடியும்?

இதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வரும். கங்காணியை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே மூட்டை முடிச்சோடு மலையைவிட்டு இறக்கிவிடுவார்கள். ஊரில் அவளுக்குக் காணி நிலமும் இல்லை, கஞ்சி ஊற்ற ஆளும் இல்லை. அப்படியிருந்தும் மனதில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தாளே, அதைப் பாராட்ட வேண்டாமா?

அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று இருந்தது. கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் இருந்த சந்தனத்துக்குக் கைக்குழந்தை. குழந்தையை லயத்தில் விட்டுவிட்டு விடியலில் வந்தால், அந்திவரை பால் கொடுக்கப் போகமுடியாது. கங்காணி விடமாட்டார். உச்சி சாய்ந்ததும் சந்தனத்தின் மார்பு கட்டிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து கிள்ளுவாள். ஒருநாள் குட்டி போட்ட நாய் ஒன்று அந்த வழியே ஓடியது. "போத்தா, வெரசாப் போ. ஒம்பிள்ளைக்குப் பால் குடுக்க ஒனக்குத் தடையா, கங்காணியா" என்றாள் பூமாரி. எல்லோரும் சிரித்தார்கள். அழகுமலைக்கும் புரிந்தது. ஆனால் ஒன்றும் மாறவில்லை. சிரித்து முடித்ததும் விஷயமும் முடிந்துபோனது.

ஆடி மாதத்தில் விடாமல் மழை. ஒருநாள் மேல் காட்டில் வேலை முடிந்து, பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடைகளோடு குறுக்குவழியில் இறங்கி வந்தார்கள். ஓடை இரு கரையும் தொட்டு ஓடியது. குறுக்கே பாலமாக ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். முதலில் கால் வைத்தவள் பூமாரி. குதிகாலுக்குக் கீழே மரம் மெத்தென்று அமுங்கியது. சட்டென்று பின்வாங்கினாள். பழக்க தோஷம், உண்மையும் பழைய மாதிரியேதான் வாயில் வந்தது.

"ஏ மரமே, வெளிய பாக்கத் தாட்டியா இருக்க. உள்ள உளுத்துப்போச்சு. ஒன்ன நம்பி எவ கால வைப்பா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் வந்த அழகுமலையின் முகம் கறுத்தது. பிள்ளை நினைப்பில் இருந்த சந்தனம் சிரித்துக்கொண்டே முந்திப்போய் மரத்தில் ஏறக் காலைத் தூக்கினாள். பூமாரி அவள் கம்பளியை எட்டிப் பிடித்தாள்.

"கங்காணியச் சொல்லலட்டி. மரத்தத்தான் சொல்லுதேன்."

சிரிப்பு இன்னும் கூடியது. அவள் எப்போதும் அப்படித்தானே சொல்வாள். "விடுக்கா, பிள்ள அழுவான்" என்று சந்தனம் திமிறினாள்.

பூமாரி சந்தனத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, திரும்பி அழகுமலையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கங்காணியய்யா, மரம் உளுத்துப்போச்சு. இதுல ஒருத்தியும் ஏறமாட்டா. என்ன மலைய விட்டு எறக்கினாலும் சரி."

சிரிப்பு நின்றது. அவள் அவரை நேராகப் பார்த்துப் பேசி யாரும் கண்டதில்லை. அழகுமலை விறுவிறுவென்று போய்க் கம்பால் மரத்தைக் குத்தினார். கம்பு உள்ளே இறங்கியது. இழுத்தபோது ஈரச் சிம்பாகப் பெயர்ந்து, பெரிய துண்டு ஒன்று தண்ணீரில் விழுந்து அடித்துக்கொண்டு போனது. சந்தனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத மொதல்லயே நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்றார் அழகுமலை.

"நேரா சொன்னா கேப்பீகளா?"

"கேக்காம என்ன?"

"அப்ப இன்னொண்ணும் நேராவே சொல்லுதேன். பிள்ளைக்காரிக உச்சிக்கு ஒருதரம் லயத்துக்குப் போய்ப் பால் குடுத்துட்டு வரணும். நாளையிலேருந்து."

அழகுமலை ஓடையைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். "தொரை கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார் மெதுவாக.

"பூமாரி சொன்னான்னு சொல்லுங்க."

அன்று எல்லோரும் சுற்றுவழியாக லயத்துக்குப் போனார்கள். மறுநாள் உச்சியில் சந்தனம் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கீழே போனாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கேட்கத்தான் செய்தார். கங்காணியும் பெயரைச் சொல்லத்தான் செய்தார். கூப்பிட்டு அனுப்பினார்கள். பூமாரி ஆபீஸ் வாசலில் போய் நின்று, தலையைக் குனியாமல், அதையே இன்னொரு தரம் சொன்னாள்.