உச்சிக்குக் கீழே ஒரு விடுதி

உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவனுக்கு வானம் இருட்டினால் கால் தானாக ஓடும். கிண்டிய வெங்காயம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும். மழைக்கு முன் படங்கை இழுத்து மூடாவிட்டால் அவ்வளவும் அழுகிப்போகும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். அதை மலைக்கும் கொண்டுபோனேன்.

மலை உச்சியில் நின்று, காலுக்குக் கீழே முகிலைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. கலியாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருடம் பிள்ளைகள் எங்கள் இருவரையும் மலைநாட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

காலையில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் ஏறத் தொடங்கினோம். என் பையில் குடைகள், மெழுகுதிரி, கயிறு, போத்தல் போத்தலாக வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பாதையோரம் முழுக்க ஊற்று ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, கிணத்தையும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றாள்.

"சிரியும். அட்டை கடிக்கேக்கை என்ரை பையைத்தான் தேடுவீர்."

"அட்டைக்கும் தண்ணி குடுக்கப் போறியளோ?"

பின்னேரம் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். தகரக் கூரை, இரண்டு கட்டில், ஒரு கம்பளி. உச்சி அதற்கு மேலே, கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. இப்போதே ஏறினால் இருட்டுமுன் இறங்கிவிடலாம் என்றார் விடுதிக்காரர். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

அப்போதுதான் பள்ளத்திலிருந்து கறுப்பாக ஏதோ எழும்பி உச்சியை மூடியது.

"மழை வருது. ஏறவேண்டாம்" என்றேன்.

"உது வெறும் முகிலெண்டு அந்தாள் சொல்லுறார்."

"அந்தாள் சொல்லுவார். வழுக்கி விழுந்தா ஆர் தூக்கிறது?"

"சரி, மூடுங்கோ உங்கடை வெங்காயத்தை" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

ஒரு துளியும் விழவில்லை. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முகில் கலைந்தது. எங்களுக்கு முன்னால் ஏறிப்போன பெடியள் உச்சியில் நின்று கையசைத்தார்கள். இனி ஏறினால் திரும்பிவர இருட்டிவிடும்.

"விடியப் போவம்" என்றேன். விடிய அவளுடைய முழங்கால் வீங்கியிருந்தது. என் தோளைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கினாள். இனிமேல் படி ஏறுவதையே குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்குத்தர்.

ஊருக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலிக்கு மேலால் கேட்டாள்: "மாமி, உச்சியிலை என்னத்தைக் கண்டனீங்கள்?"

"முகில்தான் பிள்ளை. காலுக்குக் கீழை முழுக்க முகில்."

என் பக்கம் அவள் திரும்பவில்லை. நான் குனிந்து வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தேன்.

யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறாள். இப்போதெல்லாம் முகிலின் நிறத்தையும், மேலே அடித்த குளிரையும்கூடச் சொல்கிறாள். நான் குறுக்கே கதைப்பதில்லை.