உப்புக்கண்டத்தில் முடிந்த சம்பந்தம்

நாங்கள் அரூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். காட்டு வேலைதான் பிழைப்பு. சித்தேரி மலையடியில் மூங்கில் ஏற்றப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். சாமை மூட்டையோடு இறங்கி வருவாள். பேசியது கொஞ்சம். அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா சில நாள் பேசவில்லை. பிறகு, "ஞானஸ்நானம் வாங்குவாளாமா?" என்று கேட்டாள். வாங்குவாள் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

இது அறுபதுகளில். பெண் வீட்டார் ஒரு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அவர்களுக்கு அது நல்ல நாள். எங்களுக்குத் தவக்காலம். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். மலை ஏறிச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது.

அங்கே கிடா வெட்டியிருந்தார்கள். ஊரே வாசலில் நின்றது. இலையில் சாமைச் சோறும் கறியும் விழுந்தது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. எங்களுக்குக் கறி ஆவாதுங்க."

பெண்ணின் அப்பா, "வெள்ளிக்கிழமைன்னுதானுங்க வெட்னதே" என்றார்.

"கருவாடு இருந்தா போடுங்க. அது ஆவும்."

வாசலில் சிரிப்பு. ஒருவர், "கெடா ஆவாது, கருவாடு ஆவுமாம்! அதுக்கு மட்டும் உசுரு இல்லாமயா இருந்துச்சு?" என்றார்.

"அத எங்க சாமியாரக் கேளுங்க" என்றாள் அம்மா.

பெண்ணின் அம்மா கதவோரம் நின்றிருந்தார். "சம்மந்திக்குக் கருவாடு போட்டன்னா நாளைக்கு நான் தண்ணிக்குப் போவ முடியுமா?" என்றார்.

பெண்ணின் அப்பா முறையைச் சொன்னார். பெண் வீட்டில் வெட்டுகிற கிடாவை ரெண்டு வீடும் சேர்ந்து தின்றால்தான் சம்பந்தம். தொடாமல் எழுந்தால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். வேறு கிடாவும் வெட்டக் கூடாது.

எங்கள் அப்பா கறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் நீண்டது. அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கை திரும்பிப் போய்விட்டது.

நான் கட்ட நினைத்தவள் உள்ளே அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கால் மரத்துப்போன மாதிரி உடம்பு முழுக்க இருந்தது.

"செரி, ராவு தங்குங்க. விடிஞ்சா சனி. அப்ப ஆவுமில்ல?" என்றார் பெண்ணின் அப்பா.

"ஆவும்" என்றாள் அம்மா.

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "சனிக்கிழம பெருமாள் நாளு. நம்ம வூட்டு அடுப்புல கறி ஏறுமா?"

"அப்ப ஞாயித்துக்கிழம" என்றார் பெண்ணின் அப்பா.

"பூசைக்குப் போவணுங்க. போவாட்டி பாவம்" என்றாள் அம்மா.

"பூசை பாத்துட்டு ஏறி வாங்க."

"வந்து சேரப் பொழுது சாஞ்சிரும். கறியும் நாறிப் போவும்."

சோற்றில் ஈ மொய்த்தது. அப்போதுதான் எங்கள் அப்பா வாயைத் திறந்தார்.

"வேவாத கறி மிச்சம் இருக்குதுங்களா?"

"பாதிக் கெடா கெடக்குது."

"உப்புக்கண்டம் போடுங்க. காஞ்சதும் எடுத்துக்கிட்டு எங்க வூட்டுக்கு வாங்க. சேந்து தின்னலாம்."

"பொண்ணு வூட்டுலதான திங்கணும்?" என்றார் வாசலில் ஒருவர்.

பெண்ணின் அப்பா யோசித்தார். "கெடா எங்க வூட்டுதுதான?" என்றார்.

வெந்த கறியை ஊர் தின்றது. நாங்கள் சோற்றை உப்பும் மிளகாயும் கடித்துத் தின்றுவிட்டு இறங்கினோம்.

கறி நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு திங்கட்கிழமை வந்தார்கள். அம்மா காலையிலிருந்து வேக வைத்தாள். வேகவில்லை. எல்லோரும் உட்கார்ந்தோம். நாங்கள் சிலுவை போட்டு முடிக்கும்வரை அவர்கள் இலையைத் தொடாமல் காத்திருந்தார்கள். அப்புறம் மென்றோம். செருப்பு வார் மாதிரி இருந்தது. யார் வாயும் சும்மா இல்லை. அதனால் பேச்சும் இல்லை, சண்டையும் இல்லை.

"கெட்டியாத்தான் இருக்குது" என்றார் பெண்ணின் அப்பா. எங்கள் அப்பா "ம்" என்றார்.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போதே பல் குறைவு. பெண்ணின் அம்மா எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தட்டு தயாராக இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அம்மா கடைசித் துண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். கண்ணை மூடி விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் தட்டை மாற்றினார்கள்.