அத்தையின் வாயால் ஓடிய கார்

என் மேசை இழுப்பறையில் ஒரு கார்ச் சாவி கிடக்கிறது. எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே சாலையோரம் சிவனே என்று நின்றிருந்த இளநீர் வண்டி ஒன்று என்னோடு மல்லுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து உலகத்தைப் பின் இருக்கையிலிருந்து பார்ப்பதே போதும் என்றிருக்கிறேன். சாவி என் அத்தையின் கணவர், அத்திம்பேருடையது. அதில் தொங்கும் தோல்துண்டு அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று ஆகியிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு அத்திம்பேரும் அத்தையும் மைசூரிலிருந்து அடிக்கடி மலைப்பயணம் கிளம்புவார்கள். குடகு, வயநாடு, நீலகிரி என்று எங்கே போனாலும் ஒரே வேகம்தான். சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு முந்திப் போவார்கள். “மனுஷர் ரசிச்சு ஓட்டறார்” என்று குடும்பமே மெச்சும். அதே குடும்பம் அத்தையைப் பற்றி வேறு மாதிரி பேசும். கதவைச் சாத்தியதும் அவள் வாய் திறந்துவிடும். “ஏன்னா, எடதுல ஒதுங்குங்கோ, பஸ் வரது. நிதானா, நிதானா. ஆட்டுக்குட்டி நிக்கறது. இப்போ போங்கோ.” வீடு திரும்பும்வரை ஓயாது. “அத்திம்பேருக்குக் காது மட்டும் செவிடாயிருந்தா எவ்வளவு நிம்மதி!” என்று கல்யாணப் பந்திகளில் சொல்லி நானே கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருக்கும் அவர்கள் மகள் ஒருநாள் என்னைப் போனில் கூப்பிட்டாள். “வயசாச்சு, இனிமே ஓட்ட வேண்டாம்னா ரெண்டு பேரும் கேக்க மாட்டேங்கறா. நீதான் பேச்சுல கெட்டிக்காரனாச்சே, சாவியை வாங்கி வெச்சுடேன்.” என்னைக் கெட்டிக்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் அதை மறுக்கும் கெட்டிக்காரத்தனம் எனக்குக் கிடையாது. அந்த வாரமே அவர்களோடு பிளிகிரி ரங்கன் மலைக்குத் தொற்றிக்கொண்டேன்.

பெருமாளைச் சேவிக்கும்வரை வழியில் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பது அத்தையின் சட்டம். திரும்பும்போதும் வீட்டுச் சாப்பாடுதான். அதனால் விடியுமுன்பே எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டியிருந்தாள். நானும் வருகிறேன் என்று கூடவே சுண்டலும். யளந்தூர் தாண்டிக் காட்டுக்குள் ஏறத் தொடங்கினோம். மூங்கில் புதர்களும் குளிர்ந்த காற்றுமாக இருந்தது. சாவிப் பேச்சை எப்படித் தொடங்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காருக்குள் அமைதி. அத்தையின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. கார் மெல்ல ஊர்ந்து, ஒரு வளைவுக்கு முன்னால் ஓரமாக நின்றுவிட்டது.

“வண்டி சூடாயிடுத்தா, அத்திம்பேர்?”

“இல்லைடா. அவ தூங்கறா.”

“தூங்கினா?”

“எழுந்துக்கட்டும். அப்புறம் போலாம்.”

அவர் கை ஸ்டியரிங்கை விட்டு அகலவில்லை. முகம் நேராகவே இருந்தது. “கண்ணு நடுவுல ஒரு கறுப்பு விழுந்திருக்கு. ஓரந்தான் தெரியறது. கண்ணாடில உன் காது தெரியறது, மூஞ்சியைக் காணோம். பெரிய நஷ்டமில்லை. டாக்டர் பார்த்தாச்சு, இனிமே திரும்பாதுன்னுட்டார்.”

சாலை நடுவில் ஆவி பறக்க யானைச் சாணம். எதிரே ‘வண்டியை நிறுத்தாதீர்கள்’ என்று வனத்துறைப் பலகை. கண் தெரியாத ஓட்டுநர், தூங்கும் அத்தை, இளநீர் வண்டியோடு மோதியவன் என்று மூன்று பேர், கார் ஒன்று. கல்யாணப் பந்திகளில் நான் வாங்கிய கைதட்டலெல்லாம் காதுக்குள் கேட்டது. போனில் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் யாரிடம் என்ன சொல்வது?

சற்று நேரத்தில் அத்தை விழித்தாள். “தூங்கிட்டேனா?”

“ஸ்வல்ப, கொஞ்சந்தான்” என்றார் அத்திம்பேர்.

அவள் முகத்தை ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “கெளப்புங்கோ. எடது வளைவு.” நானும் சும்மா இராமல், “பாறை! வலதுல பாறை!” என்று கத்தினேன். “நீ சும்மா இரு. ரெண்டு பேர் சொன்னா அவர் யாரைக் கேப்பார்?” என்று அடக்கினாள். மேலே போய்ப் பெருமாளைச் சேவித்தோம். அவரிடம் நான் கேட்டதெல்லாம் ஒரு ஓட்டுநர்தான், கிடைக்கவில்லை. அதே சாலையில், அதே மூவருமாக இறங்கினோம். அத்தை கண்ணை இமைத்ததாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு புளியோதரை பிரிக்கப்படாமலே கெட்டுப்போனது.

ஒத்திகை பார்த்த வசனத்துக்கு வேலையே இருக்கவில்லை. அத்தையே சாவியை என் கையில் வைத்தாள். “நீ பிடுங்கிண்டதா பொண்ணு கிட்ட சொல்லிடு. அவர் கண்ணு போனப்போகூட நான் பயப்படலைடா. இன்னிக்கு என் கண்ணே மூடிண்டுடுத்தேடா.”

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். அவர்கள் இப்போதெல்லாம் மாலைக் காப்பியைக் கொட்டகையில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்துதான் குடிக்கிறார்கள். “சாவி கொண்டுவந்திருக்கியாடா?” என்று அத்திம்பேர் கை நீட்டினார். கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். பாட்டரியை எப்போதோ கழற்றியாகிவிட்டது. டயர்கள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. அவர் சாவியைத் திருகினார். காரிலிருந்து ஒரு முனகல்கூட எழவில்லை. அத்தை எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே, “மூங்கில் தாண்டியாச்சு. நிதானா. வலது வளைவு” என்றாள். அவர் ஸ்டியரிங்கை வளைத்தார்.

பின் இருக்கையில் நான் முன் இருக்கையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டேன்.